வீட்டுக்கேற்ற வேக்குவம் கிளீனர்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் வீட்டுத் தூசியின் தன்மையே வேறு. ஜன்னல் வழியே வந்து சேரும் மணல், ஆண்டு முழுவதும் குறையாத ஈரப்பதம், இரும்பு என்றால் விடாமல் பற்றும் உப்பு, ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழை ஆகியவற்றை மனத்தில் கொண்டே இங்கு ஓர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. விளம்பரங்களோ கம்பளம் விரித்த வீடுகளையே காட்டுகின்றன. அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்விகளும் வீட்டிலேயே யோசித்துக்கொள்ள வேண்டிய கேள்விகளும் இங்கே சேர்த்துத் தரப்பட்டுள்ளன.

துடைப்பமும் மாப்பும் இருக்கும்போது வேக்குவம் கிளீனர் தேவைதானா?

தரையை மட்டும் கருதினால் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை என்றே சொல்லலாம். டைல்ஸ் தரையைப் பூந்துடைப்பத்தால் பெருக்கி ஈரத்துணியால் துடைத்தாலே போதிய அளவு சுத்தமாகிவிடும். வாசலுக்கும் திண்ணைக்கும் தென்னந்துடைப்பத்தை மிஞ்சிய கருவி இன்னும் வரவில்லை. மெத்தை, சோபா, திரைச்சீலை, ஜன்னலில் அடித்த கொசுவலை, புத்தக அலமாரி, பீரோவின் மேற்புறம், மின்விசிறியின் இறக்கைகள் எனத் துடைப்பத்துக்கு வசப்படாத இடங்களில்தான் வேக்குவம் கிளீனரின் பயன் தொடங்குகிறது. இவற்றைத் துணியால் தட்டினால் தூசி கிளம்பிச் சற்று நேரத்தில் மீண்டும் அங்கேயே படியும்.

வீட்டில் ஆஸ்துமா, தும்மல், தூசி ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் தேவை இன்னும் கூடுகிறது. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சி, கால் மில்லிமீட்டர் அளவே உள்ள சிற்றுயிர். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் அது தாக்குப்பிடிக்காது, ஆனால் கடலோரத்தில் அந்த நிலை அரிதாகவே வாய்க்கும். ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் அதன் கழிவே. வேக்குவம் கிளீனர் அந்தக் கழிவில் ஒரு பகுதியை அகற்றுமேயன்றி, நூலிழைகளைப் பற்றிக்கொண்டிருக்கும் உயிருள்ள பூச்சிகளை முழுவதுமாக இழுத்துவிடாது. வாரம் ஒருமுறை படுக்கை விரிப்பை 60 டிகிரி செல்சியஸ் அளவுள்ள வெந்நீரில் துவைப்பது, ஜிப் வைத்த உறையால் மெத்தையை மூடுவது, வெயில் காய வைப்பது ஆகியவற்றோடு சேர்த்துச் செய்தால்தான் பலன் தெரியும். இயந்திரம் வாங்கிவிட்டோம், இனி மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்வது சரியல்ல; அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எத்தனை வகைகள் உள்ளன? இங்குள்ள வீடுகளுக்கு எது பொருந்தும்?

சக்கரம் வைத்த உடலும் நீண்ட குழாயும் கொண்ட கேனிஸ்டர் வகை, உலர்ந்த தூசியோடு தண்ணீரையும் உறிஞ்சும் டிரம் வகை, கம்பியில்லாமல் பேட்டரியில் ஓடும் ஸ்டிக் வகை, காருக்கும் சோபாவுக்குமான சிறிய கைக்கருவி, தானாகவே ஓடும் ரோபோ ஆகியவை நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை. கம்பளத்துக்காகவே உருவான நிமிர்ந்த வகையை இங்கு யாரும் தேட வேண்டியதில்லை.

முதன்முதலாக வாங்கும் குடும்பத்துக்கு 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவுள்ள ஈரம்-உலர் டிரம் வகை அல்லது நல்ல வடிகட்டி உள்ள கேனிஸ்டர் வகை, இவ்விரண்டில் ஒன்றையே பரிந்துரைக்கலாம். டிரம் வகை அழகாக இருக்காது, ஓசையும் அதிகம், மாடிப்படியில் தூக்கிச் செல்வதும் கடினம். ஆனால் மணலையும் மழைநீரையும் ஒரே இயந்திரம் சமாளிக்கும். காற்றை வெளியே ஊதும் வசதியும் பெரும்பாலும் அதிலேயே இருப்பதால், தையல் இயந்திரத்தின் அடியிலும் ஜன்னல் தண்டவாளத்திலும் அடைந்திருக்கும் அழுக்கை எளிதாக வெளியேற்றலாம். ஒவ்வாமையே முதன்மைக் காரணமாக இருந்தால் கேனிஸ்டர் வகையை எடுப்பது நல்லது. ஸ்டிக்கும் ரோபோவும் அன்றாட வசதிக்கான இரண்டாவது கருவிகளே. முதல் கருவியாக அவற்றை வாங்கியவர்கள் மெத்தையைச் சுத்தம் செய்ய மறுபடியும் கடைக்குப் போக நேரிடுகிறது.

1200, 1600, 2000 வாட் என்று எழுதியிருக்கிறார்களே, கூடுதல் வாட் என்றால் கூடுதல் உறிஞ்சும் திறன்தானே?

இல்லை. அந்த எண் மோட்டார் எவ்வளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அதில் எவ்வளவு பங்கு உறிஞ்சுதலாக மாறுகிறது என்பது விசிறியின் வடிவமைப்பையும், குழாயின் அகலத்தையும், இணைப்புகளில் காற்று கசிகிறதா என்பதையும் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வீட்டு வேக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட் என்ற வரம்பையும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்ற வரம்பையும் விதித்தது. அதன் பிறகும் அங்கே வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. உற்பத்தியாளர்கள் குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும் வகையில் இயந்திரங்களை மேம்படுத்தினார்கள். அதே விதிகளில் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றும், உறிஞ்சு குழாய் 40,000 முறை வளைந்தாலும் பயன்பாட்டில் நிலைக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருந்தது. நம் ஊரில் வாங்குவோரும் வாட்டைக் கேட்பதை விட்டு இவற்றைக் கேட்கலாம்.

அட்டைப் பெட்டியில் பார்க்க வேண்டியவை இரண்டு. கிலோபாஸ்கலில் தரப்படும் உறிஞ்சு அழுத்தம் ஒன்று. நொடிக்கு இத்தனை லிட்டர் எனத் தரப்படும் காற்றோட்டம் மற்றொன்று. குழாயின் வாயை உள்ளங்கையால் முழுவதும் அடைத்தால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், காற்றோட்டம் இல்லாமல் போகும். வாயைத் திறந்து வைத்தால் காற்று நிறையப் பாயும், அழுத்தம் விழுந்துவிடும். தூசியைக் கிளப்பிக்கொண்டு போவது இவ்விரண்டும் சேர்ந்த திறனே. சில நிறுவனங்கள் அதைக் காற்று வாட் என்ற அளவில் தருகின்றன, அது கிடைத்தால் ஒப்பிடுவது எளிது.

எண்ணைப் பெரிதாகக் காட்டுவதில் ரோபோ விற்பனையாளர்கள் கைதேர்ந்தவர்கள். 5000 பாஸ்கல் என்றால் வெறும் 5 கிலோபாஸ்கல்தான். சாதாரண டிரம் வகையோ 16 முதல் 20 கிலோபாஸ்கல் வரை தரும்.

ஹெப்பா வடிகட்டி அவசியமா?

ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் அவசியம். இல்லாவிட்டாலும் இருப்பது நல்லது. அமெரிக்க வரையறைப்படி, 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டிக்கே ஹெப்பா என்று பெயர். ஐரோப்பிய வரையறையில் எச்13 தரம் 99.95 விழுக்காட்டையும், எச்14 தரம் 99.995 விழுக்காட்டையும் பிடிக்க வேண்டும். 0.3 மைக்ரானை ஏன் அளவுகோலாகக் கொண்டார்கள் என்றால், ஏறத்தாழ அந்த அளவுள்ள துகளைப் பிடிப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். அதைவிடப் பெரியவை இழைகளில் மோதிச் சிக்கிவிடும். அதைவிட மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டுத் தாமாகவே இழைகளில் ஒட்டிக்கொள்ளும்.

“ஹெப்பா போன்ற”, “ஹெப்பா வகை” என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பொருள் எதுவுமில்லை. எச்13 என்பது போன்ற தரக்குறியீடு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதனினும் முக்கியமானது, இயந்திரத்தின் உடல் காற்றுக் கசியாமல் மூடப்பட்டிருப்பது. வடிகட்டி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் மூடியின் ஓரத்தில் தூசி வெளியேறினால் பயனில்லை. விளக்கை அணைத்த அறையில் இயந்திரத்தை ஓடவிட்டு, மூடியும் உடலும் சேரும் இடத்தில் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்தால், கசிந்து வரும் தூசி அந்த ஒளியில் மிதப்பது தெரியும். கடைக்காரர் அனுமதித்தால் கடையிலேயே செய்து பார்க்கலாம்.

பை உள்ளது நல்லதா, பையில்லாதது நல்லதா?

பையில்லாத வகையில் தூசி ஒரு கலத்தில் சுழன்று சேர்கிறது. செலவு மிச்சம், நிறைந்தது கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கலத்தைக் குப்பைத் தொட்டியில் கவிழ்க்கும்போது பிடித்த தூசியில் ஒரு பங்கு முகத்திலேயே அடிக்கும். ஒவ்வாமை உள்ளவர் அந்த வேலையைச் செய்யக் கூடாது, வீட்டில் வேறு யாருமில்லை என்றால் பை உள்ளதையே வாங்க வேண்டும். பை உள்ளதை வாங்குமுன் அந்த மாடலுக்கான பை உள்ளூர்க் கடையில் கிடைக்கிறதா என்று கேட்டு, ஒரு கட்டு கையோடு வாங்கிக்கொள்வது நல்லது. மாடலை நிறுத்திவிட்டால் பையும் நின்றுவிடுகிறது.

தேவனாம்பட்டினத்தில் கடலுக்கு அருகே வீடு. மணலும் உப்புக்காற்றும் இயந்திரத்தைக் கெடுக்குமா?

கெடுக்கும், ஆனால் தடுக்கக்கூடிய அளவில்தான். கடல் மணலில் பெரும்பகுதி குவார்ட்சு. அது எஃகையும் கீறக்கூடிய கடினம் உடையது. உறிஞ்சு குழாயின் வளைவுகளிலும், சுழலும் தூரிகையின் அச்சிலும் அது தேய்மானத்தை உண்டாக்கும். தலைப்பகுதியின் அடியிலுள்ள சக்கரத்தில் ஒட்டிக்கொண்டால் தரையில் கோடுகளும் விழும். சில்வர் பீச்சுக்கோ புதுச்சேரியின் புரோமனேடு கடற்கரைக்கோ போய் வந்த பிள்ளைகளின் கால் மணலை வாசலிலேயே தட்டிவிட்டு, உள்ளே சிந்தியதைச் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு வெறும் குழாயால் உறிஞ்சினால் போதும்.

உப்பு இதைவிடப் பொல்லாதது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு திருகாணி, பேரிங், பேட்டரியின் மின்முனைகள் ஆகியவற்றில் துருவை உண்டாக்குகிறது. எனவே வர்ணம் பூசிய இரும்பு டிரம்மைக் காட்டிலும் பிளாஸ்டிக் அல்லது துருப்பிடிக்காத எஃகு டிரம் மேல். நீட்டு குழாய் அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். இயந்திரத்தை மொட்டை மாடி அறையிலோ வராந்தாவிலோ வைக்காமல் உள் அறையில் துணி உறை போட்டு வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும்.

மழைக்காலத்தில் வீட்டுக்குள் புகும் தண்ணீரை டிரம் வகையால் அகற்ற முடியுமா?

ஓரளவுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதன் பிறகு பலர் இந்த நோக்கத்துக்காகவே இயந்திரம் வாங்க நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 சதுர அடி அறையில் ஒரு சென்டிமீட்டர் உயரம் நின்ற தண்ணீர் ஏறத்தாழ 93 லிட்டர். 20 லிட்டர் டிரம் அதற்கு ஐந்து முறை நிறையும், ஒவ்வொரு முறையும் 20 கிலோவுக்கு மேல் எடையைச் சுமந்துபோய்க் கொட்ட வேண்டும். கணுக்கால் அளவு நீர் வந்த வீட்டுக்கு மோட்டார் பம்பும் ரப்பர் வைப்பரும்தான் தீர்வு. பால்கனிக் கதவின் அடியில் கசிந்து வந்த நீர், வாஷிங் மெஷின் குழாய் கழன்று பரவிய நீர், நனைந்த சோபா போன்றவற்றுக்கே டிரம் வகை உண்மையில் உதவும்.

ஈரத்தை உறிஞ்சுமுன் தூசிப் பையையும் காகித வடிகட்டியையும் கழற்றிவிட்டு, உடன் தந்த பஞ்சு உறையை மாட்ட வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு பிளக்கைத் தொடக் கூடாது. சுவரிலுள்ள சாக்கெட்டுகள் வரை நீர் ஏறியிருந்தால் முதலில் மெயினை அணைத்துவிட்டு மின்பணியாளரை அழைக்க வேண்டும். வேலை முடிந்ததும் டிரம்மைக் கழுவி, மூடியைத் திறந்தே காயவிட்டு, குழாயை மட்டும் மாட்டி இயந்திரத்தை இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் துர்நாற்றம் வராது.

புதுச்சேரியில் பழைய வீடு. சிவப்பு ஆக்சைடு தரையும் சுண்ணாம்புச் சுவரும் உள்ளன. எதைக் கவனிக்க வேண்டும்?

பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியிலும் தமிழர் தெருக்களிலும் உள்ள பழைய வீடுகளில் சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்புப் பொடியே பெருந்தொல்லை. அது மிக நுண்ணியது. வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். முதலில் பூந்துடைப்பத்தால் மெதுவாகக் கூட்டி அள்ளிவிட்டு, எஞ்சியதை மட்டும் உறிஞ்சுவதே முறை. சுவரில் நேரடியாகக் குழாயை வைத்து இழுத்தால் பூச்சு மேலும் பெயரும். தரைக்கு மென்மையான ரோமத் தூரிகை பொருத்திய தலைப்பகுதி வேண்டும். கடினமான பிளாஸ்டிக் முனை, ஆண்டுக்கணக்கில் தேய்த்து ஏறிய பளபளப்பைச் சில மாதங்களில் கீறிவிடும். உயரமான கூரையும் மரத் துலாக்கட்டைகளும் உள்ள வீட்டில் குழாய் எட்டாது. ஒட்டடைக்கம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ரோபோ வாங்கலாமா?

அறைகளுக்கிடையே படி இல்லாத, மரச்சாமான்களின் கீழே பத்து சென்டிமீட்டராவது இடைவெளி உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் தாராளமாக வாங்கலாம். பெரும்பாலான ரோபோக்கள் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட தடையை ஏறாது. நிலைப்படி வைத்துக் கட்டிய வீட்டில் ஒவ்வோர் அறையிலும் அதைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். பிறகு அதற்குத் தானியங்கி என்ற பெயர் எதற்கு? முற்றம் உள்ள வீட்டில் விளிம்பை உணரும் சென்சாரில் தூசி படிந்தால் கீழே விழவும் கூடும். பூஜை அறையையும் கோலமிட்ட இடத்தையும் செயலியில் தடைப்பகுதியாகக் குறித்துவிட வேண்டும், இல்லையேல் வெள்ளிக்கிழமைக் கோலம் வீடு முழுவதும் பரவும். துடைக்கும் வசதி உள்ளதில் உப்புக் கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் தரையில் வெண்திட்டும் உள்ளே அடைப்பும் ஏற்படும். குடிநீர் வடிகட்டியில் வந்த நீரை ஊற்றுவது நல்லது. நீண்ட தலைமுடி தூரிகையில் சுற்றிக்கொள்வது எந்த விலையிலும் நேரும், வாரம் ஒருமுறை கத்தரிக்கோல் தேவைப்படும்.

கம்பியில்லாத ஸ்டிக் வகை எப்படி?

கையாளுவதற்கு எளிது; முதுகுவலி உள்ள பெரியவர்கள் கேனிஸ்டரை இழுப்பதைவிட இதையே விரும்புவார்கள், ஆனால் இரண்டரை முதல் மூன்று கிலோ எடை முழுவதும் மணிக்கட்டிலேயே இறங்கும் என்பதால் கடையில் ஐந்து நிமிடம் கையில் பிடித்துப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் ஓடும் என்ற வாக்குறுதி குறைந்த வேகத்துக்கானது. உச்ச வேகத்தில் பத்து நிமிடத்தைத் தாண்டுவது அரிது. லித்தியம் அயனி பேட்டரிக்கு வெப்பம் பகை. சமையலறை மேடையிலோ வெயில் விழும் சுவரிலோ சார்ஜருக்கு இடம் ஒதுக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா, தனியாக என்ன விலை என்ற இரண்டையும் கேட்காமல் இந்த வகையை வாங்கக் கூடாது.

எந்த சாக்கெட்டில் போடலாம்? இன்வெர்ட்டரில் ஓடுமா? மின்கட்டணம் ஏறுமா?

230 வோல்ட்டில் 1400 வாட் இயந்திரம் ஆறு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். எனவே சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் போடாமல் கிரைண்டருக்கோ ஏசிக்கோ வைத்த 16 ஆம்பியர் சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். மெல்லிய வயருள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி சூடேறி உருகும். வீடுகளில் உள்ள 900 வி.ஏ. இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது. கட்டணம் கவலைக்குரியதல்ல, இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்கும் குறைவு.

எவற்றை உறிஞ்சக் கூடாது?

சாம்பிராணிக் கரி, அணையாத ஊதுபத்தித் துணுக்கு, கற்பூரம் எரிந்த தட்டு ஆகியவற்றின் அருகே கொண்டு போகவே வேண்டாம். உள்ளே சேர்ந்த பஞ்சும் முடியும் தீப்பற்றும். விபூதி, கோலமாவு, சிமென்ட் பொடி ஆகியவை ஹெப்பா வடிகட்டியை ஒரே நாளில் பயனற்றதாக்கும். உலர் வகை இயந்திரத்தில் ஈரமான எதையும் இழுக்கக் கூடாது.

வடிகட்டியை எப்படிப் பராமரிப்பது?

கழுவக்கூடியது என்று எழுதியிருந்தால் மட்டும் கழுவுங்கள், சோப்புத்தூள் வேண்டாம். கழுவியபின் நிழலில் குறைந்தது ஒரு முழு நாள் காய வேண்டும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகும். ஈரம் காயாத வடிகட்டியை மாட்டினால் பூஞ்சணம் பிடித்து, அடுத்த முறை இயந்திரத்தை இயக்கும்போது அந்த வாடை வீடெங்கும் பரவும், மோட்டாருக்கும் கேடு. அதனால் வாங்கும்போதே மாற்று வடிகட்டி ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்வது இந்தக் கடற்கரை ஊர்களில் ஆடம்பரமல்ல. உறிஞ்சும் விசை குறைந்தால் மோட்டார் போய்விட்டது என்று அஞ்சுவதற்கு முன் வடிகட்டியையும் குழாயின் வளைவையும் பாருங்கள்.

கடலூர்க்காரர்கள் புதுச்சேரிக்குப் போய் வாங்கினால் மலிவாகக் கிடைக்குமா?

மதிப்புக் கூட்டு வரி (வாட்) இருந்த காலத்தில் வரி வேறுபாட்டால் அப்படிப் போவது வழக்கமாக இருந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்துவிட்டதால் இரண்டு ஊர்களிலும் வரி ஒன்றே. பெட்ரோலிலும் மதுவிலும் இன்னும் உள்ள விலை வேறுபாடு இந்தப் பொருளுக்குக் கிடையாது. கடைக்குக் கடை தள்ளுபடி மாறலாம், அவ்வளவுதான். விலையைவிட, உங்கள் ஊர்ப் பின்கோடுக்கு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் வீட்டுக்கே வருவாரா, அல்லது இயந்திரத்தைச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைப்பது, ஒரு முறை பழுதாகிப் பார்சல் அனுப்பினாலே கரைந்துவிடும்.

உத்தரவாதக் காலத்திலேயே பழுதானது, நிறுவனம் தட்டிக் கழிக்கிறது. என்ன செய்வது?

பில், உத்தரவாத அட்டை, பழுதைக் காட்டும் காணொளி, நிறுவனத்துக்கு அனுப்பிய புகார் எண் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்யுங்கள். பதில் திருப்தியளிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளை எந்த ஊரில் அல்லது எந்த இணையதளத்தில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க உரிமை உண்டு. இணையத்தில் வாங்கியவர்கள் பில்லை மின்னஞ்சலிலேயே விட்டுவைக்காமல் அச்செடுத்து உத்தரவாத அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் அந்த அட்டையில் முத்திரையும் தேதியும் இடாமல் தந்தால், கடையை விட்டு வெளியேறும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.